புல எண் இல்லாத மணல்

அணை திறந்து ஒன்பதாம் நாள்
திருவேடகத்துக்குக் கீழே
ஆறு ஏழாகப் பிரிந்து
நடுவில் ஆறு தீவுகளை வைத்திருந்தது.
வடகரையோரம் கடைசித் தீவுக்குத்தான் மனு:

"மேற்படி மணல்மேட்டில் மூன்று கோடையாய்
வெள்ளரி போட்டு வருகிறேன்.
தண்ணீர் வந்தால் தீவு, வராவிட்டால் ஆறு.
எதுவானாலும் என் பேருக்கு எழுதித் தரவும்.
இப்படிக்கு, ஒச்சம்மாள்."

நான் நில அளவர்.
வேலைக்கு வந்து பதினோரு மாதம்.
என் புலப்படத்தில் அந்த இடம்
இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவில்
'வைகை, புறம்போக்கு'.
மேட்டுக்கு எண் இல்லை. கல் இல்லை.
'ஏற்க இயலாது' என்று எழுத
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலே போதும்.

போனேன்.
தீவென்று நான் பார்த்தது
தெப்பக்குளத்து மைய மண்டபம் ஒன்றுதான்.
அதற்கும் தண்ணீரற்ற வருடங்களில்
அண்ணன்கள் அடித்த பந்தைப் பொறுக்க
நடந்தே போயிருக்கிறேன்.

முதல் ஓடை கணுக்கால்.
இரண்டாவது முழங்கால்.
மூன்றாவதில் காசிலிங்கம் சங்கிலியை
மாலையாகப் போட்டுக்கொண்டு சிரித்தார்.
நான்காவதில் சிரிக்கவில்லை.
அங்கே லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு
எதிரே வந்தாள் ஒச்சம்மாள், என் வயதுதான்.
"ஃபைல மொதல்ல குடுங்க" என்றாள்.
"நீங்க நனைஞ்சா காஞ்சிருவீங்க."

ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலி.
கயிறாய்க் காய்ந்த போன கோடையின் வெள்ளரிக்கொடி.
யாருடையதோ ஒரு பள்ளி அடையாள அட்டை,
முகம் மட்டும் கரைந்து.
ஆள்காட்டி ஒன்று எழுந்து
ஆறு முழுக்க எங்களைக் காட்டிக்கொடுத்தது.
மற்றபடி மணல்.
கால் வைத்தால்
கைக்குழந்தையின் உச்சிக்குழி போல அமுங்கியது.

நீளம் நாற்பத்தொன்று புள்ளி ஆறு மீட்டர்.
அகலம் எடுத்துத் திரும்பி
சரிபார்க்க மறுபடி பிடித்தால் நாற்பத்தொன்று.
"சங்கிலிய இழுத்துப் பிடிங்க" என்றேன்.
"நான் பிடிச்சுத்தான் இருக்கேன் மேடம்,
அதுதான் நிக்க மாட்டேங்குது."
மேல்முனையை ஆறு நக்கிக்கொண்டிருந்தது.
நக்கியதைக் கீழ்முனையில் துப்பிக்கொண்டிருந்தது.
தீவு நடந்துகொண்டிருந்தது
கிழக்கே, மதுரையைப் பார்த்து.

இடம் மாறுகிற நிலத்துக்கு
எப்படிம்மா எழுதுவது என்றேன்.
"அழகரே ஒரு காலத்துல தேனூர்ல எறங்குனவருதான.
சாமி எடம் மாத்தலாம்,
மணலு மாத்தக்கூடாதா?"

பிறகு குரலை இறக்கினாள்.
"வெள்ளரிக்கு இல்ல.
போன மாசியில மூணே ராத்திரி,
பக்கத்து மேட்ட அள்ளிட்டுப் போயிட்டானுக.
மறிச்சு நின்னேன்.
ஒம் பேர்லயா இருக்குன்னு கேட்டான்.
அதுக்குத்தான்."
அவள் கை காட்டிய பக்கம்
தண்ணீர் மட்டும் கறுப்பாக
ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சக்குபந்தி எழுதினேன், ஈரக் கையால்:
தண்ணீருக்குத் தெற்கு
தண்ணீருக்கு வடக்கு
தண்ணீருக்குக் கிழக்கு
தண்ணீருக்கு மேற்கு
இதற்கு உட்பட்ட மணல்
தணிக்கையின்போது இருந்தது.
காசிலிங்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.
பேனா கரகரத்தது.

வெள்ளிக்கிழமை அணையை மூடிவிட்டார்கள்.
கோப்பு மேலே போகிறது, மேசை மேசையாக.
ஏடு எதிரேறிய ஊர்க் காகிதம்,
ஏறினாலும் ஏறும்.

தலைமை எழுத்தர் பிரித்தபோது
தாள்களுக்கு நடுவிலிருந்து
பொலபொலவென்று கொட்டியது.
முகம் சுளித்து உதறப் போனார்.
உதறாதீங்க சார் என்றேன்.
அது இணைப்பு.